தொலைக்காட்சிப் பார்வையாளர் ஆய்வு

தொலைக்காட்சிப் பார்வையாளர் ஆய்வு என்பது, மக்கள் அன்றாடம் தொலைக்காட்சியை எப்படிப் பார்க்கிறார்கள், பார்த்ததை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை ஆராயும் துறை ஆகும். டி.ஆர்.பி. கணக்கு வேறு. எந்த சேனல் எவ்வளவு நேரம் ஓடியது என்று அது சொல்லும். பார்த்தவர் அழுதாரா, ஏசினாரா, வெங்காயம் உரித்துக்கொண்டே காதில் மட்டும் வாங்கினாரா என்று சொல்லாது.

இந்தியாவில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ‘ஹம் லோக்’. மனோகர் சியாம் ஜோஷி எழுதிய இந்த இந்தித் தொடர் 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை தூர்தர்ஷனில் 156 பகுதிகளாக ஒளிபரப்பானது. குடும்பக் கட்டுப்பாடு, பெண்ணுரிமை முதலிய கருத்துகளைக் கதை வழியே பரப்புவது இதன் நோக்கம். ரசிகர்கள் எழுதிய கடிதங்கள் ஏறத்தாழ 4 லட்சம். அரவிந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் அக்கடிதங்களை ஆராய்ந்தனர்; பார்வையாளர்களிடம் நேரிலும் கேட்டறிந்தனர். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு துன்பப்படும் தாய் பகவந்தி, ‘பெண் இப்படி இருக்கக் கூடாது’ என்று காட்டுவதற்காகவே படைக்கப்பட்ட பாத்திரம். பார்வையாளர் பலர், பெண்கள் உட்பட, அவளையே முன்மாதிரியாகக் கொண்டனர்! எழுதியவர் நினைத்தது ஒன்று, பார்த்தவர் எடுத்துக்கொண்டது வேறு.

இதற்கு நேர்மாறாகவும் நடப்பதுண்டு. மானிடவியலாளர் பூர்ணிமா மன்கேகர் புதுதில்லிக் குடும்பங்களுடன் பழகி, அவர்கள் தொலைக்காட்சி பார்ப்பதைக் கவனித்து எழுதிய நூல் 1999இல் வெளிவந்தது. ‘மகாபாரத’த் தொடரில் திரௌபதி துகிலுரியப்படும் காட்சியைப் பேசிய பெண்கள், புராணத்தோடு நிற்காமல், வீட்டிலும் தெருவிலும் தாங்கள் படும் அவமானத்தையும் கோபத்தையும் பேசினர். சீரியல் பார்ப்பவர்களை விவரமற்றவர்கள் என்று ஒதுக்குவோர் படிக்க வேண்டிய பகுதி அது.

இங்கிலாந்தில் டேவிட் மோர்லி, இலண்டனில் 18 குடும்பங்களைச் சந்தித்து 1986இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆண்களுக்கு வீடு ஓய்வெடுக்கும் இடம். பெண்களுக்கு அதுவே வேலையிடம். ஆகவே ஆண்கள் பேசாமல் உட்கார்ந்து பார்க்க, பெண்கள் வேலைக்கிடையே பார்த்தனர். ரிமோட்டும் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். பொன்னேரியை அடுத்த பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இதே கேள்வியைக் கேட்கப் போகிறவர், காற்றும் நீரோட்டமும் பார்த்து வலைக்குப் போகிற வீட்டின் நேரத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுக் கிராமங்களையும் உள்ளடக்கிய ஆய்வு ஒன்று உண்டு. பொருளியலாளர்கள் ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் ஆகியோர் 2001–2003 காலத் தகவல்களைக் கொண்டு 2009இல் அதை வெளியிட்டனர். கேபிள் இணைப்பு வந்த ஊர்களில், மனைவியை அடிப்பதை ஏற்கும் மனநிலையும் ஆண் குழந்தையே வேண்டும் என்ற விருப்பமும் குறைந்ததாக அவர்கள் கண்டனர். எந்தத் தொடரின் எந்தக் காட்சி மனத்தை மாற்றியது என்பது அந்தக் கணக்கில் இல்லை; அதற்கு மன்கேகரைப் போல வீட்டுக்குள் போய் உட்கார வேண்டியிருக்கும்.