குடித்த நாளிலும் மாத்திரையை விடாதீர்கள்

ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, மாதம் ஒருமுறை சேலத்துக்கு மாத்திரை வாங்க வருவார் அந்தக் காப்பித் தோட்டத் தொழிலாளி. ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மைய ஆலோசகராக நான் முதலில் செய்வது, டப்பாவைக் கவிழ்த்து மிச்சத்தை எண்ணுவதுதான். முப்பது மாத்திரையில் ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும். ஒன்பது இருந்தன.

"மறந்துட்டீங்களாண்ணே?"

"மறக்கல மேடம். சனிக்கிழமை கூலி வந்தா குடிப்பேன். சரக்கோட சேர்ந்தா மாத்திரை விஷமாயிடும்னாங்க. அதான் சனி, ஞாயிறு போடல."

நாலு வாரம், எட்டு மாத்திரை. பயந்துபோய் விட்டவை அவை.

இந்தப் பயம்தான் ஆபத்து. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த அந்த ஒற்றை மாத்திரையை மது விஷமாக்குவதில்லை. ஆனால் அடிக்கடி விட்டால் ரத்தத்தில் மருந்து குறையும், எச்.ஐ.வி. பெருகும், மருந்துக்கே அடங்காத கிருமியும் உருவாகலாம். தவறாமல் போட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி குறைந்தே இருந்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது.

அதற்காகக் குடி பரவாயில்லை என்று அர்த்தமில்லை. அது கல்லீரலைக் கெடுக்கும், காசநோய்க்கு வழிவிடும், ஆணுறையை மறக்கடிக்கும். "மலைக் குளிருக்கு ஒரு குவார்ட்டர்" என்பார்கள். குடித்ததும் தோல் சூடாவதுபோல் இருக்கும். உள்ளே உடம்பு வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும்.

அவரை நான் திட்டவில்லை. திட்டினால் அடுத்த மாதம் பொய் சொல்வார், இல்லையென்றால் வரவே மாட்டார். டாக்டரிடம் கேட்டு, இரவு மாத்திரையைக் காலை வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்கு மாற்றினோம். கூலியை முதலில் மனைவி கையில் கொடுக்கச் சொன்னேன். மூன்றாம் மாதம் டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். குடி நிற்கவில்லை; மாதம் ஒருமுறையாகக் குறைந்திருந்தது.

தினமும் நிறையக் குடிப்பவர்கள் தாங்களாகவே சட்டென நிறுத்த வேண்டாம். கை நடுங்கும், வலிப்பும் வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.

1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தபோது கொடுக்க மருந்தே இல்லை. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு இலவசமாகத் தருகிறது. அப்படிக் கிடைத்த உயிர்மருந்தைப் பாட்டிலுக்குப் பலி கொடுக்கலாமா?

குடித்திருந்தாலும் மாத்திரையைப் போடுங்கள். குடிப்பதை ஆலோசகரிடம் மறைக்காதீர்கள். நேரில் சொல்லத் தயக்கமென்றால் 1097 என்ற எச்.ஐ.வி. உதவி எண்ணுக்கு அழையுங்கள்; கட்டணம் இல்லை.