சுருங்கச் சொல்லலும் பழைய வீடியோ விளையாட்டுகளும்

வீடியோ விளையாட்டை இலக்கணக் கண்கொண்டு நோக்குவதா என்று வினவுவார் உளர். மாணவர் படிப்பைக் கெடுப்பது அதுவே என்று ஆசிரியர் கூட்டங்களில் முழங்கியவர்களுள் நானும் ஒருவன். ஆயினும், இன்றைய கைப்பேசி விளையாட்டுகளையும், 1970களிலும் 1980களிலும் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடப்பெற்ற பழைய விளையாட்டுகளையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் முறையன்று. நன்னூலார் நூலுக்குரிய பத்து அழகுகளைக் கூறுமிடத்துச் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்தார். அவ்வழகு அப்பழைய விளையாட்டுகளில் நிறைந்து கிடக்கிறது. அவற்றை ஆக்கியவர்கள் நன்னூலை அறியார். இடமின்மையே அவர்களுக்கு ஆசிரியனாக நின்று அதனைக் கற்பித்தது.

எவ்வளவு இடமின்மை என்பதைக் காண்போம். கணினியில் ஓர் ஆங்கில எழுத்து தங்கும் இடத்தை ஒரு பைட் என்பர். 1977ஆம் ஆண்டு வெளிவந்த அட்டாரிப் பெட்டிக்கு இருந்த நினைவிடம் 128 பைட். ஒரு சிறு அஞ்சலட்டைச் செய்தி கூட அதில் அடங்காது. திரையிற் காணும் படத்தை முழுமையாக வைத்துக்கொள்ள அதற்கு இடமே இல்லை. ஆதலால், தொலைக்காட்சியின் ஒளிக்கற்றை ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே இறங்கும்பொழுதே, அந்த வரிக்குரிய படத்தை நிரல் அப்போதைக்கப்போது எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு வரிக்குக் கிடைத்த நேரம் பொறியின் 76 துடிப்புகள். அதற்குள் கொடுத்தால் படம். தவறினால் திரை குலைந்தது. பின்னணியிலும் பாதியைத்தான் வரைய முடியும். மறுபாதியைப் பொறியே படியெடுத்தோ, கண்ணாடியிற் காண்பதுபோல் திருப்பியோ நிரப்பிக்கொள்ளும். பழைய அட்டாரி விளையாட்டுகளில் கோட்டைகளும் சுவர்களும் இருபுறமும் ஒத்திருப்பதன் காரணம் இதுவே.

1985இல் சப்பானில் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் என்னும் விளையாட்டை அறியாதார் இலர். அதன் உலகங்கள் எட்டும், பகைவரும், இசையும், படங்களும் எல்லாம் சேர்ந்து 40 கிலோபைட், அதாவது 40,960 பைட். தமிழாசிரியர்க்கு விளங்குமாறு இதனை வேறொரு கணக்காலும் சொல்லலாம். இன்றைய யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறி 3 பைட் கொள்ளும். ‘கி’ என்றால் ககரத்துக்கு 3, இகரக் குறிக்கு 3, ஆக 6. இவ்வாறு எண்ணிப் பார்த்தால் ஒரு குறளுக்குச் சராசரியாக 120 பைட்டுக்கு மேலேயே ஆகிறது. மரியோவின் உலகம் முழுவதும் அடங்கிய இடத்தில் 340 குறள்கள் கூட வைக்க இயலாது. அறத்துப்பாலின் 380 குறளுக்கும் அங்கே இடம் போதாது! அவ்வாறாயின் அதனை ஆக்கியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? அவ்விளையாட்டில் வானத்து மேகத்தையும் தரையிலுள்ள புதரையும் உற்று நோக்குக. இரண்டும் ஒரே படம். வெண்ணிறம் பூசினால் மேகம். பச்சை பூசினால் புதர். ஒரு சொல் இடத்துக்கேற்ப இரு பொருள் தருவது போன்றது இது. பல்லாண்டு ஆடிய என் பழைய மாணவர்களுள் இதனைத் தாமாகக் கண்டுகொண்டவர் ஒருவருமில்லை.

குறையே அணியாக அமைந்த இடமும் உண்டு. 1978இல் நிசிக்காடோ என்பார் ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், பகைவர் குறையக் குறைய எஞ்சியவர் விரைந்து வருவர். அது திட்டமிட்டுச் செய்ததன்று. வரைய வேண்டிய உருவங்கள் குறைந்தமையால் பொறி விரைவு பெற்றது. அவர் அதனைத் திருத்தாமல் விட்டுவிட்டார். அவ்விளையாட்டின் உயிரே அந்த விரைவில்தான் இருக்கிறது.

இங்கே ஒரு கிளைச் செய்தி. அட்டாரி நிறுவனம் அக்காலத்தில் விளையாட்டுகளை ஆக்கியவர் பெயரை வெளியிடுவதில்லை. வாரன் ராபினெட் என்பவர் தம்முடைய அட்வெஞ்சர் விளையாட்டினுள் யாரும் அறியாத அறை ஒன்றை அமைத்து, அதில் தம் பெயரை எழுதி வைத்துவிட்டு வேலையினின்று விலகினார். சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைத் தேடி எடுத்துச் செல்பவர்க்கே அவ்வறை திறக்கும். பதிகத்தின் இறுதிப் பாட்டில் தம் பெயரை வைத்துச் சென்ற ஞானசம்பந்தரின் திருக்கடைக்காப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. சம்பந்தருக்கு மறைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பதே வேறுபாடு.

இவையெல்லாம் அமெரிக்கருக்கும் சப்பானியருக்கும் உரிய செய்திகள், நமக்கு என்ன என்பார்க்கு ஒன்று சொல்வேன். 1976இல் அமெரிக்காவின் நேசனல் செமிகண்டக்டர் நிறுவனம் அட்வர்சரி என்ற விளையாட்டுப் பெட்டியை விற்றது. டென்னிஸ், ஹாக்கி, கைப்பந்து ஆகிய மூன்று ஆட்டங்களும் ஒரே சில்லில் அமைந்திருந்தன. அதே நிறுவனத்தின் தொழிற்சாலை நம் மலாக்காவில் இயங்கியது. 2011இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அந்நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. பத்து பெரண்டாம் வட்டாரத் தொழிற்சாலைப் பேருந்துகள் விடியற்காலையில் தோட்டத்துச் சாலைவரை வந்து எங்கள் அக்காமார்களை ஏற்றிச் சென்றது என் இளமைக் காட்சி. உருப்பெருக்கியில் கண்ணைப் பதித்து, மயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லோடு இணைப்பதே தங்கள் வேலை என்பார்கள். அச்சில்லுகள் எங்கே போகின்றன என்பதை அவர்கள் அறியார். பின்னர் மைக்ரோ ஜீனியஸ் பெட்டி பாசார் மாலாமில் விற்பனைக்கு வந்தபொழுது, சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தம்பிமார்க்கு அதனை வாங்கிக் கொடுத்தவர்களும் அந்த அக்காமார்களே.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் கல்லூரியை முடித்து, 1990களின் தொடக்கத்தில் ஒரு தோட்டப்பள்ளியில் பணியேற்றேன். அங்கிருந்த மூத்த ஆசிரியர் ஒருவரிடம் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம் என்னும் பிரித்தானிய வீட்டுக் கணினி இருந்தது. 1982இல் வெளிவந்தது அது. நிரலைப் பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவிலேயே பதிந்து வைக்கும். அதில் தமிழெழுத்து இல்லை. ஆனால் பயன்படுத்துபவர் தாமே வரைந்துகொள்ள 21 குறிகளுக்கு இடமுண்டு. ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டுக் கட்டம். அவர் கட்டத்தாளில் ககரம் முதல் னகரம் வரை 18 எழுத்தையும் வரைந்தார். பத்தொன்பதாவது, புள்ளி. இருபதாவது, அப்புள்ளியை எய்யும் வில். மேலிருந்து ‘க’ விழும். புள்ளியால் அடித்தால் ‘க்’ ஆகும். அடிக்கத் தவறியது தரையில் விழும். இருபத்தொன்றாம் இடம் எஞ்சியதே என்று கேட்டேன். “ஆய்தம் இருக்கிறதே, ஐயா” என்றார். பதினெட்டையும் மெய்யாக்கிய பிள்ளைக்கு அதுவே பரிசு. முதல் வகுப்புப் பிள்ளைகள் அவ்வாண்டில் மெய்யெழுத்தை மறக்கவில்லை.

அவர் மாற்றலாகிச் சென்றபொழுது அந்த நாடாவை என்னிடம் தந்தார். கணினி அவருடனே போயிற்று. ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பதிய நாடா தேவைப்பட்டது. நான் அதன்மேல் பதிந்தேன். ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடப்பட்ட ஏடுகளைப் பற்றி வகுப்பில் எத்தனை முறை வருந்திப் பேசியிருப்பேன்!

2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வு, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்றது. பெருநிறுவனங்களின் படைப்புக்கே அக்கதி. ஆயினும் ஆங்காங்கே ஆர்வலர் பழைய நாடாக்களிலிருந்து படியெடுத்து, எமுலேட்டர் என்னும் செயலியால் இன்றைய கணினியில் அவற்றை இயக்குகின்றனர். ஓலை மடிந்தாலும் நூல் மடியாதபடி ஏடு பெயர்த்தெழுதும் பணியே அது. பள்ளிகளில் கிடக்கும் பழைய நாடாக்களையும் வட்டுகளையும் எறிந்துவிடுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பாட்டில்லாமல் கீச்சென்ற ஓசை வந்தால் அது பழுதன்று, நிரலாக இருக்கலாம்.

என் நாடாவை அண்மையில் பத்து பெரண்டாமில் பொறியாளராக உள்ள பழைய மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். ஆண்டு விழாப் பாட்டு முடிந்தபின் சில நொடிகளுக்கு அந்தக் கீச்சொலி எஞ்சியிருந்தது. விளையாட்டு அழிந்துவிட்டது. ஆனால் ஆசிரியர் எழுத்துகளைத் தனிக் கோப்பாக நாடாவின் கடைசியில் பதிந்திருந்தார். 21 குறி, குறிக்கு 8 பைட், ஆக 168 பைட் மீண்டது. திரையில் அவற்றைப் பார்த்தேன். எட்டுக் கட்டத்துள் ‘ண’ அடங்கவில்லை. சுழி ஒன்று குறைந்து ‘ன’ போலத் தோன்றுகிறது. வேறுபாடு தெரிய அதன் அடியில் அவர் ஒரு சிறு கோடு இட்டிருக்கிறார்.