தமிழ் தெரியாத வாத்தியார்

மதுரைக் கல்லூரிகளில் ஆங்கிலம் சொல்லித்தந்த வெளிநாட்டு ஆசிரியர்களின் கதை நெடியது. அவர்கள் வரும் வழி அடைபட்டுவிடக் கூடாது.

கோரிப்பாளையத்தைக் கடந்து தல்லாகுளம் போகிறவர்கள் தினமும் பார்க்கும் செங்கல் கட்டடங்கள் அமெரிக்கன் கல்லூரியுடையவை. மைசூர் அரண்மனையை வடிவமைத்த ஹென்றி இர்வினின் கைவண்ணம் இங்கேயும் உண்டு. அந்தக் கட்டடங்களுக்குள் கடல் கடந்து வந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவர்களைப் பற்றி ஊருக்குள் அதிகம் பேர் அறிந்ததில்லை.

1834-ல் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் செமினரி நடத்திய டேனியல் பூவர், அடுத்த சில ஆண்டுகளிலேயே மதுரைக்கு வந்து பள்ளிகளைத் திறந்தார். இன்றும் கல்லூரி நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1881-ல் பசுமலையில் உருவான கல்லூரி, 1909-ல் வைகையின் வடகரையில் இப்போதுள்ள இடத்துக்கு வந்தது. 1948-ல் கேட்டி வில்காக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, பெண்களுக்காக லேடி டோக் கல்லூரியைத் தொடங்கினார். இவர்கள் மதுரையிலேயே நெடுங்காலம் தங்கி உழைக்க வந்தவர்கள்.

இவர்களுக்குப் பின் இன்னொரு வகையினர் வந்தார்கள். ஒஹையோ மாநிலத்தின் ஓபர்லின் கல்லூரியில் அப்போதுதான் பட்டம் வாங்கிய, இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர்கள். 1900-ல் சீனாவின் ஷான்ஸி மாகாணத்தில், பாக்ஸர் கிளர்ச்சியின்போது ஓபர்லினிலிருந்து போன மிஷனரிகள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் நினைவாக 1908-ல் அமைந்தது 'ஓபர்லின் ஷான்ஸி' அமைப்பு. அது தன் பட்டதாரிகளைச் சீனப் பள்ளிக்கு ஆங்கிலம் கற்பிக்க அனுப்பிவந்தது. 1949-ல் சீனாவில் ஆட்சி மாறியதும் அந்தக் கதவு மூடியது. அமைப்பு வேறு ஊர்களைத் தேடியது. தைவானும் ஜப்பானும் அதற்குக் கிடைத்தன. நம் மதுரையும் கிடைத்தது. அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக்குக்கும் இளம் ஆசிரியர்கள் வரத் தொடங்கினார்கள். பொதுவாக இரண்டு ஆண்டுகள் தங்குவார்கள், பிறகு அடுத்தவர் வருவார்.

இவர்களால் மாணவர்களுக்கு என்ன நன்மை? அமெரிக்க உச்சரிப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இலக்கணம் ஓரளவு தெரியும். பன்னிரண்டு ஆண்டு படித்ததில் வாக்கியங்களும் மனப்பாடம். வாய்தான் திறக்காது. எதிரில் இருக்கும் ஆசிரியருக்கும் தமிழ் தெரியும், தோழனுக்கும் தமிழ் தெரியும் என்கிறபோது ஆங்கிலத்தில் பேச அவனுக்கு என்ன தேவை?

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஊரும் தெரியாது. சித்திரையில் கள்ளழகர் ஏன் ஆற்றில் இறங்குகிறார், அதைப் பார்க்கக் கோரிப்பாளையமே ஏன் கொள்ளாமல் போகிறது, வாடிவாசல் திறந்ததும் மாட்டின் திமிலை மட்டுமே ஏன் பிடிக்க வேண்டும், ஜிகர்தண்டாவில் என்னென்ன சேர்க்கிறார்கள் – எல்லாவற்றையும் அவர் கேட்டாக வேண்டும். மாணவன் சொல்லியாக வேண்டும். இதுவரை வகுப்பில் எதுவும் தெரியாதவனாக உட்கார்ந்திருந்தவன், அந்த நிமிடத்தில் தெரிந்தவனாகிறான். அவனிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது, கேட்பதற்கு ஒருவர் உண்மையான ஆவலோடு இருக்கிறார். தப்பும் தவறுமாகவாவது ஆங்கிலம் வந்துவிடுகிறது. ஆசிரியரின் அறியாமைதான் அந்த வகுப்பின் முதலீடு.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாகவும் இருக்கவில்லை. வந்தவர்களுக்குத் தமிழ் கற்பிப்பதும் மதுரையில் ஒரு தனித் துறையாக வளர்ந்தது. அமெரிக்கன் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் கு. பரமசிவம், ஜேம்ஸ் லிண்ட்ஹோமுடன் சேர்ந்து வெளிநாட்டாருக்கான தமிழ்ப் பாடநூலை உருவாக்கினார். அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் தன் தமிழ்ப் பயிற்சியை நடத்த மதுரையைத் தேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து கல்லூரியின் ஆங்கிலத் துறையில் நெடுங்காலம் பணியாற்றிய பால் லவ், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்துக்கென ஓர் ஆய்வு மையத்தை அங்கே வழிநடத்தினார்.

இதே அனுபவத்தை மறுபக்கமிருந்தும் நம்மவர்கள் அறிவார்கள். எத்தியோப்பியாவில் உயர்நிலைப் பள்ளியிலிருந்தே பாடமொழி ஆங்கிலம். பேரரசர் ஹைலி செலாசி காலத்திலேயே கேரளத்து ஆசிரியர்கள் அங்கே போனார்கள். பின்னாளில் அங்கே பல்கலைக்கழகங்கள் பெருகியபோது தமிழ்நாட்டு ஆசிரியர்களும் ஒப்பந்தத்தில் போனார்கள். அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம்; விடிகாலை ஆறு மணியை அவர்கள் பன்னிரண்டு என்கிறார்கள். தோசையைப் போலிருக்கும் இஞ்ஜெராவை டெஃப் என்ற தானியத்தில் சுடுகிறார்கள். இதையெல்லாம் நம் ஆசிரியருக்கு விளக்கிச் சொல்வது அங்குள்ள மாணவர்களின் வேலை.

இப்போது மதுரையின் பக்கம் வழி குறுகிவிட்டது. இந்தியாவில் வேலை விசா பெற வெளிநாட்டவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் ஒன்றை அரசு விதித்தது. முதலில் அது 25,000 டாலர். பின்னர் ரூபாய்க் கணக்கில் 16.25 லட்சம் ஆனது. பிறமொழி கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இந்த வரம்பிலிருந்து விலக்கு உண்டு. ஆங்கில ஆசிரியர்களை மட்டும் விதியே பெயர் சொல்லி விலக்கிலிருந்து நீக்கியிருக்கிறது. இந்தியரின் வேலை வாய்ப்பைக் காப்பது அதன் நோக்கம் என்றால் அது நியாயமான அக்கறைதான். வேலைக்காகக் காத்திருக்கும் எம்.ஏ. பட்டதாரிகள் இங்கே ஏராளம். ஆனால் இரண்டு ஆண்டுக்கு வந்து, கல்லூரி தரும் அறையில் தங்கி, சிறு உதவித்தொகையில் பேச்சு வகுப்பு எடுப்பவர் யாருடைய பணியிடத்தையும் பிடிப்பதில்லை. 16 லட்சம் கொடுத்து அவரை அழைக்க எந்த மதுரைக் கல்லூரியால் முடியும்?

கல்லூரிக்கு ஓரிருவர், இரண்டு ஆண்டு வரம்பு, நிரந்தரப் பணியிடத்தைத் தொடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஆங்கில ஆசிரியர்களுக்கும் அந்த விலக்கை அரசு நீட்டிக்க வேண்டும். பணம் படைத்த தனியார் பள்ளி மாணவன் எப்படியும் வெளிநாட்டுக்குப் போய் உலகத்தைப் பார்த்துவிடுவான். உசிலம்பட்டியிலிருந்து காலை பஸ்ஸைப் பிடித்து வருகிறவனுக்கு, உலகம் அவன் வகுப்பறைக்கு வந்தால்தான் உண்டு.