நிறுத்தத் தெரிந்த சார்ஜர்

மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்து உபயோகிக்கக்கூடிய பென்சில் செல்களைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் அபிப்பிராயம் அவ்வளவு நல்லதாக இல்லை. குழந்தையின் ரிமோட் காருக்கென்றும், இரத்த அழுத்தம் பார்க்கும் கருவிக்கென்றும், மின்சாரம் போன வேளையில் கைகொடுக்கும் டார்ச்சுக்கென்றும், சாதாரண செல்லைவிடப் பல மடங்கு விலை கொடுத்து அவற்றை வாங்கியவர்கள், ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழிந்ததும், ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டாலும் பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லையே என்று சலித்துக்கொண்டு, பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண செல்லுக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்களுடைய அனுபவம் உண்மைதான். அதிலிருந்து அவர்கள் கண்ட முடிவுதான் சரியல்ல. செல்லின்மேல் சுமத்தப்படும் குற்றம், அதனோடு ஒரே அட்டையில் சேர்த்து இலவசம்போல் கொடுக்கப்பட்ட சார்ஜரைத்தான் பெரும்பாலும் சேரவேண்டும். செல்லுக்கு மின்சாரம் ஊட்டுவது எளிய காரியம். எந்த க்ஷணத்தில் ஊட்டுவதை நிறுத்தவேண்டும் என்று அறிவதே கடினமான காரியம். அந்த அறிவு இல்லாத சார்ஜரிடம் ஒப்படைக்கப்பட்ட செல், எவ்வளவு உயர்ந்த கம்பெனியில் பிறந்ததானாலும், அற்பாயுளில் போய்விடுகிறது.

சார்ஜ் ஏற்கும் நிக்கல் செல்களின் வரலாறு புதியதன்று. ஸ்வீடன் தேசத்து வால்டெமர் யுங்னர், நிக்கலையும் காட்மியத்தையும் கொண்டு 1899ஆம் ஆண்டிலேயே இத்தகைய செல்லை அமைத்தார். அதன் வழிவந்த சிறு செல்கள்தாம் பல காலம் வீடுகளில் புழங்கின. காட்மியமோ விஷ உலோகம்; ஜப்பானின் டோயாமா மாகாணத்தில், சுரங்கக் கழிவோடு ஆற்றில் கலந்து நெல்வயல்களில் படிந்த காட்மியமே எலும்புகளை நலிவித்த கொடிய நோய்க்குக் காரணம் என்று அந்நாட்டு அரசாங்கம் 1968இல் ஒப்புக்கொண்டது. காட்மியத்துக்குப் பதிலாக, ஹைட்ரஜனை உறிஞ்சிவைக்கும் கலப்பு உலோகம் ஒன்றை எதிர்முனையில் அமைத்த நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்தன. அவற்றுக்கும் ஒரு பெருங்குறை இருந்தது: சார்ஜ் செய்து மேசை அறையில் வைத்தால், ஒரு மாதத்திலேயே சக்தியில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தானாகக் கரைந்துபோகும். ஜப்பானின் சான்யோ நிறுவனம் 2005இல் வெளியிட்ட எனலூப் என்ற செல்தான் இக்குறையைப் பெரிதும் போக்கியது. ஓராண்டு சும்மா கிடந்த பின்னரும் சுமார் 85 சதவீதச் சக்தி மிஞ்சியிருக்கும் என்று அந்நிறுவனம் அறிவித்தது. சார்ஜ் செய்து வைத்த செல்லை நம்பி டார்ச்சில் போட்டுவைக்கலாம் என்ற நிலைமை அதன் பிறகே ஏற்பட்டது.

இந்தச் செல்லுக்குள் நிகழ்வதைச் சற்றுப் பொறுமையாகக் கவனித்தால், இனிச் சொல்லப்போகும் யாவும் தாமாகவே விளங்கிவிடும். சார்ஜ் ஏறும்போது நேர்முனையிலுள்ள நிக்கல் ஹைட்ராக்சைடு ரசாயன மாறுதல் அடைகிறது. எதிர்முனையிலுள்ள கலப்பு உலோகம் ஹைட்ரஜனைத் தன் அணுக்களுக்கு இடையே வாங்கி வைத்துக்கொள்கிறது. நாம் ஊட்டும் மின்சாரத்தில் பெரும்பகுதி இவ்வேலைக்கே செலவாவதால், செல் அதிகமாகச் சூடேறுவதில்லை. ஆனால் நேர்முனையில் மாறவேண்டிய பொருளெல்லாம் மாறித் தீர்ந்த பின்னரும் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருக்குமானால், அதற்கு வேறு வேலை இல்லாமையால், உள்ளேயிருக்கும் காரத் திரவத்திலிருந்து பிராணவாயுவைப் பிரித்து வெளிப்படுத்தத் தொடங்குகிறது. அந்தப் பிராணவாயு எதிர்முனைக்குச் சென்று, அங்கே காத்திருக்கும் ஹைட்ரஜனோடு கூடி, மறுபடியும் நீராகிவிடுகிறது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் நஷ்டமில்லாத சுழற்சிதான். ஆனால் அதற்குப் பிறகு ஊட்டிய மின்சாரம் அத்தனையும் உஷ்ணமாக மாறி, செல்லின் உடம்பிலேயே தங்குகிறது. உஷ்ணம் நீடித்தால் கலப்பு உலோகம் அரிக்கப்படுகிறது, முனைகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய விரிப்பு நலிகிறது. வாயு சேரும் வேகம் அது நீராகும் வேகத்தை மிஞ்சினால், அழுத்தம் பெருகி, மேல்முனையில் பாதுகாப்புக்காக வைத்த சிறு திறப்பு வழியே ஆவி வெளியேறுகிறது. அப்படி ஒருமுறை வெளியேறிய ஈரம் மறுபடி உள்ளே வருவதில்லை. ஈரம் வற்ற வற்றச் செல்லின் உள்தடை உயர்கிறது. உள்தடை உயர்ந்த செல், சார்ஜ் ஏறியதுபோல் காட்டினாலும், மோட்டாரைச் சுழற்றும் வேளையில் கைவிட்டுவிடுகிறது.

அட்டையோடு வந்த மலிவான சார்ஜர் செய்வதை இனி யோசித்துப் பாருங்கள். அதற்குச் செல்லின் நிலைமை தெரியாது. சிலவற்றில் மணிக்கணக்குப் பார்த்து நிறுத்தும் ஏற்பாடு உண்டு. சிலவற்றில் அதுவும் இல்லை, நாம் பிளக்கைப் பிடுங்கும்வரை ஊட்டிக்கொண்டே இருக்கும். 2000 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள செல், முற்றிலும் காலியாக இருந்தால், அதற்கு 200 மில்லி ஆம்பியர் வீதம் பதினாறு மணி நேரம் ஊட்டுவது பழைய முறை. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டில் யார் செல்லை முற்றிலும் காலியாக்கிய பிறகு சார்ஜில் போடுகிறார்கள்? பாதி நிறைந்த செல்லும் அதே பதினாறு மணி நேரத்துக்கு உட்படும்போது, பிற்பாதி நேரம் முழுவதும் அது வெந்துகொண்டிருக்கிறது. மேலும் இத்தகைய சார்ஜர்கள் பல, இரண்டிரண்டு செல்லாகச் சேர்த்தே ஊட்டுகின்றன. ஒரே நுகத்தில், உழைத்துக் களைத்த மாட்டையும் அன்றுதான் தொழுவத்திலிருந்து அவிழ்த்த மாட்டையும் பூட்டியதுபோல, நிறைந்த செல்லும் காலிச் செல்லும் ஒரே மின்னோட்டத்தில் பிணைக்கப்பட்டு, ஒன்று நிறைவதற்குள் மற்றொன்று கெட்டுப்போகிறது. சித்திரை, வைகாசி மாதங்களில், காற்றோட்டம் இல்லாத அலமாரி மூலையில் இக்காரியம் நடந்தால் கேடு இரட்டிப்பாகும். ஏனெனில் சுற்றுப்புறம் சூடாக இருக்கும்போது பிராணவாயு வெளிப்படுவதும் முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது.

ஸ்மார்ட் சார்ஜர் என்று இன்று விற்கப்படும் சாதனத்தின் சூட்சுமம், செல் தானே தெரிவிக்கும் ஓர் அடையாளத்தைக் கண்டுகொள்வதில் இருக்கிறது. சார்ஜ் ஏற ஏறச் செல்லின் மின்னழுத்தம் உயர்ந்துகொண்டே வரும். அழுத்தத்தைக் காட்டும் திரையுள்ள சார்ஜரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: நடுவில் வெகுநேரம் 1.40 வோல்ட்டை ஒட்டி அசையாமல் நிற்கும் எண், முடிவு நெருங்கும்போது 1.44, 1.46 என்று சற்று விரைந்து ஏறி, 1.48இல் சில நிமிஷம் தயங்கி நின்று, பிறகு 1.47க்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் செல்லைத் தொட்டால், அதுவரை வெதுவெதுப்பாக இருந்த உலோகம் விரலுக்கு நன்றாகச் சுடும். நிறைந்த செல்லுக்குள் உஷ்ணம் பெருகுவதே அழுத்தம் இறங்குவதற்குக் காரணம். இறக்கம் மிகச் சிறியது. ஒரு வோல்ட்டை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஐந்து முதல் பத்துப் பங்கு. இந்த அற்ப வித்தியாசத்தைக் கவனித்து அக்கணமே மின்னோட்டத்தை நிறுத்துவதற்குத்தான் அதனுள் சிறு கணக்கிடும் சில்லு வைக்கப்பட்டிருக்கிறது. காட்மியச் செல்லில் இவ்விறக்கம் இதைவிடப் பெரிது. ஆகையால் அக்காலத்துச் செல்லுக்கென்றே செய்யப்பட்ட பழைய சார்ஜர், இக்காலத்துச் செல்லின் மெல்லிய அடையாளத்தைத் தவறவிட்டுவிடக்கூடும்.

இங்கே, மெதுவாக ஊட்டினால் செல்லுக்கு நல்லது என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லவேண்டும். நேரக் கணக்கில் நிறுத்தும் சார்ஜருக்கு அது பொருந்தும்; ஸ்மார்ட் சார்ஜருக்குப் பொருந்தாது. மின்னோட்டம் மிகக் குறைவானால் உஷ்ணம் மெல்லவே ஏறும், அழுத்தத்தின் இறக்கம் புலப்படாமலே போகும், சார்ஜர் நிறுத்தாமல் ஏமாறும். செல்லின் கொள்ளளவில் பாதிக்குச் சமமான வேகமே இரு பக்கமும் பாதுகாப்பானது என்பது என் அபிப்பிராயம்: 2000 என்று எழுதியுள்ள பென்சில் செல்லுக்கு 1000 மில்லி ஆம்பியர், 800 என்று எழுதியுள்ள சின்ன பென்சில் செல்லுக்கு 400. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் பிடிக்கும். பதினைந்து நிமிஷத்தில் நிறைப்பதாகச் சொல்லும் சார்ஜர்களும் வந்ததுண்டு. அவசரக்காரருக்கு அவை உதவலாம், செல்லின் ஆயுளுக்கு உதவா.

சார்ஜர் வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, ஒவ்வொரு குழிக்கும் தனித்தனிக் கண்காணிப்பு உண்டா என்பது. நான்கு குழிக்கு நான்கு விளக்கு, அல்லது திரையில் நான்கு பத்தி இருந்தால், பெரும்பாலும் உண்டு என்று கொள்ளலாம்; இரண்டு குழிக்கு ஒரே விளக்கு இருந்து, இரண்டிரண்டாகத்தான் போடவேண்டும் என்று நிபந்தனையும் எழுதியிருந்தால், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுங்கள். தவறிப்போய் அல்கலைன் செல்லைச் செருகினால் ஏற்க மறுப்பதும், உஷ்ணம் எல்லை மீறினால் நிறுத்திவிடுவதும் நல்ல சார்ஜரின் லக்ஷணங்கள். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தால், செல்லை நிறைத்து, ஓய்வு கொடுத்து, பிறகு அளந்து காலியாக்கி, அதிலிருந்து எத்தனை மில்லி ஆம்பியர் மணி கிடைத்தது என்று எண்ணாகச் சொல்லும் சார்ஜர்களும் கிடைக்கின்றன. இந்தப் பரிசோதனையின் பிரயோஜனத்தை எவ்வளவு சொன்னாலும் தகும். இந்த அளவுள்ள நிக்கல் பென்சில் செல்லில், மிகச் சிறந்ததிலும், 2700 அல்லது 2800க்கு மேல் அடைப்பது அரிது. அப்படியிருக்க 4000 என்று அச்சிட்ட செல்கள் கடைகளில் துணிந்து விற்கப்படுகின்றன. அவற்றின் பொய்யை அந்தத் திரை ஒரே ராத்திரியில் வெளிப்படுத்திவிடும். உண்மையான செல்களிலும்கூட, 2500 என்பதைவிட 2000 என்பது அதிகத் தடவை சார்ஜ் தாங்கும். பெரிய எண்ணைத் தேடி ஓடவேண்டிய அவசியமில்லை.

அளந்தறிந்த செல்களுக்கு எழுத்தழியாத பேனாவால் எண் இட்டு, ஏறக்குறைய ஒரே அளவு தருபவற்றை ஒரு கூட்டமாக வைத்துக்கொள்வது மிகவும் முக்கியம். நான்கு செல் போடும் பொம்மைக் காரில், மூன்று வலுவாகவும் ஒன்று நலிந்தும் இருந்தால், நலிந்தது முதலில் காலியாகிறது. மற்ற மூன்றும் தம் மின்சாரத்தை அதன் வழியே தள்ள, அதன் முனைகள் நேர்மாறாகத் திரும்பி, அச்செல் நிரந்தரமாகப் பழுதாகிறது. கார் மெல்ல ஊரத் தொடங்கிய உடனே செல்களை எடுத்துவிடும்படி குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால், அதுவே பெரிய பராமரிப்பு. செல்லை முற்றிலும் தீர்த்த பிறகுதான் சார்ஜ் செய்யவேண்டும் என்ற பழைய உபதேசம் காட்மியச் செல்களின் காலத்தில் பிறந்தது; இந்தச் செல்களுக்கு அது வேண்டாம், மாறாகத் தீங்கே செய்யும்.

வெகுநாள் கருவிக்குள்ளேயே கிடந்து அடியோடு வற்றிய செல்லைச் சில ஸ்மார்ட் சார்ஜர்கள் செல்லென்றே ஒப்புக்கொள்வதில்லை. அங்கே செல் இருப்பதாகவே அவை உணர்வதில்லை. அப்போது பழைய மலிவுச் சார்ஜர் உபயோகப்படுகிறது. அதில் ஐந்து பத்து நிமிஷம், கண்காணிப்பில், போட்டு எடுத்து, பிறகு ஸ்மார்ட் சார்ஜரில் வைத்தால் அநேகமாக ஏற்றுக்கொள்ளும். அப்படிப் பிழைத்த செல்லை இரத்த அழுத்தக் கருவியில் போடாமல், முக்கியமில்லாத வேலைக்கு ஒதுக்குவது நல்லது.

எல்லா இடத்துக்கும் இச்செல் ஏற்றதென்று நான் சொல்லமாட்டேன். சுவர்க்கடிகாரம் ஒரு சாதாரணச் செல்லிலேயே வருஷக்கணக்கில் ஓடும். அங்கே இதற்கு வேலையில்லை. மற்றபடி, இதன் அழுத்தம் 1.2 வோல்ட்தானே, 1.5 இல்லையே என்று தயங்கவேண்டியதில்லை. சாதாரணச் செல்லின் அழுத்தம் வேலை செய்யச் செய்யச் சரிந்துகொண்டே வர, இதனுடையது ஏறக்குறையக் கடைசிவரை ஸ்திரமாக நிற்கிறது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பென்சில் செல்லின் அதே உருவத்தில் 3.7 வோல்ட் லித்தியம் செல்களும் விற்கின்றன. அவற்றை நிக்கல் செல்லுக்கான சார்ஜரிலோ, 1.5 வோல்ட் கருவியிலோ செருகினால் கருவி கெடுவதோடு, தீ விபத்துக்கும் இடமுண்டு. மேலுறையில் எழுதியிருப்பதைப் படிக்காமல் எந்தச் செல்லையும் குழியில் வைக்கக்கூடாது.

சார்ஜர் மறுத்தும், பரிசோதனையில் எழுதிய அளவில் பாதிகூடத் தேறாமலும் போன செல்லைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2022இல் மத்திய அரசு வெளியிட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், இச்சிறு செல்களையும் உட்படுத்தி, ஆயுள் முடிந்தவற்றைத் திரும்பப் பெற்றுப் பக்குவப்படுத்தும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. அப்படித் திரும்பக் கொடுக்கும்வரை வைத்திருக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா போதும். மிச்சச் சக்தியில் ஒன்றோடொன்று உரசிச் சூடேறாதபடி, இரு முனைகளிலும் ஒட்டுநாடா சுற்றி வையுங்கள்.