தூண்டில் மீன்பிடிப்பு (திருவள்ளூர் மாவட்டச் சிற்றேரிகள்)

தூண்டில் மீன்பிடிப்பு என்பது கழி, நரம்பு, முள், இரை ஆகியவற்றைக் கொண்டு மீன்களை ஒவ்வொன்றாகப் பிடிக்கும் முறை ஆகும். திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டி, சோழவரம், புழல் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களுடன் ஊர்தோறும் சிறிய பாசன ஏரிகளும் உள்ளன. கும்மிடிப்பூண்டி, காக்களூர் முதலிய தொழிற்பேட்டைகளை அடுத்த ஏரிக்கரைகளிலும் விடுமுறை நாள்களில் தூண்டிலுடன் அமர்ந்திருப்போரைக் காணலாம். வாணலியில் முழுதாக அடங்கும் சிறு நன்னீர் மீன்களை அமெரிக்காவில் 'பான்ஃபிஷ்' என்பர். நம் ஏரிகளில் அந்த இடத்தில் இருப்பவை ஜிலேபிக் கெண்டை, பனையேறிக் கெண்டை, சிறு கெளுத்தி போன்றவை.

வரலாறு

தூண்டில் தமிழருக்குப் புதியது அன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. நீண்ட மூங்கில் கழி, கயிறு, வளைந்த இரும்பு முள், இறைச்சி இரை ஆகியவற்றுடன் பாணர்கள் மீன்பிடித்ததை அந்நூல் குறிப்பிடுகிறது. திருவள்ளூர் பகுதியும் பழைய தொண்டை மண்டலத்தைச் சேர்ந்ததே. கழியும் முள்ளும் இன்றும் அடிப்படையில் மாறவில்லை. கயிற்றின் இடத்தில் நைலான் நரம்பு வந்துள்ளது.

கருவிகளும் இரையும்

சிறு மீன்களுக்கு எட்டு முதல் பத்து அடி நீள மூங்கில் கழி போதும். கழியின் நீளத்துக்கு நரம்பு கட்டி, அதன் நுனியில் சிறிய முள்ளையும் சற்று மேலே சிறு ஈயக்குண்டையும் கோப்பர். மிதப்பாக மயிலிறகுத் தண்டு, நெட்டி அல்லது பழைய ரப்பர் செருப்பின் துண்டு பயன்படும். மண்புழு பெரும்பாலான மீன்களுக்கு ஏற்ற இரை. ஜிலேபிக் கெண்டைக்குப் பிசைந்த கோதுமை மாவும் பயன்படும். விரால் பிற மீன்களையும் தவளைகளையும் தின்பதால் அதற்கு உயிருள்ள இரை வைப்பது வழக்கம்.

முக்கிய மீன்கள்

ஜிலேபிக் கெண்டை: தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இம்மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெண்மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயில் வைத்துக் காக்கும். இதனால் குஞ்சுகள் அதிகம் பிழைத்து, ஏரியில் இம்மீனே பெருகிவிடுகிறது.

பனையேறிக் கெண்டை: தரங்கம்பாடியில் இம்மீன் பனைமரத்தில் ஏறியதைக் கண்டதாக டேனிய அலுவலர் டால்டார்ஃப் 1797இல் எழுதியதால் உலகப் புகழ் பெற்றது. இது ஈரத்தரையில் ஊர்ந்து செல்லவும் வல்லது.

விரால்: முட்டையையும் குஞ்சுகளையும் பெற்றோர் காவல் காக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துடன் காணப்படும் விராலைப் பிடித்தால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். அதனை விட்டுவிடுவதே முறை.

கெளுத்தி, தேளி: இவற்றின் துடுப்பு முட்கள் குத்தினால் கடுமையாக வலிக்கும். தேளியின் முள்ளில் நஞ்சு உண்டு. குத்துப்பட்ட இடத்தைப் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் வைத்தால் வலி குறையும். பின் மருத்துவரைக் காண வேண்டும்.

காலமும் நேரமும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்புகின்றன. கோடையில் நீர் வற்றும்போது மீன்கள் எஞ்சிய பள்ளங்களில் கூடுவதால் பிடிப்பது எளிது. நீர்த்தாவரங்களும் பாசியும் பகலில் உயிர்வளியை வெளியிடுகின்றன. இரவில் அவையும் அதனைப் பயன்படுத்துகின்றன. எனவே நீரில் கரைந்த உயிர்வளி விடியலுக்குச் சற்று முன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடுவது பசியால் அன்று, மூச்சுத் திணறலால்.

நீரின் தூய்மையும் உணவும்

'மீன் உயிரோடு இருக்கிறது, ஆகவே தண்ணீர் நல்லது' என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. விரால், பனையேறிக் கெண்டை, தேளி ஆகியவை காற்றையும் நேரடியாகச் சுவாசிக்கும் உறுப்பு உடையவை. ஜிலேபிக் கெண்டை குறைந்த உயிர்வளியையும் தாங்கும். ஆகவே சாக்கடை கலந்த ஏரியிலும் தூண்டிலில் மீன் சிக்கும். மீன் வளத்துக்கு ஏற்ற நீரில் கரைந்த உயிர்வளி லிட்டருக்குக் குறைந்தது 4 மில்லிகிராமும், கார அமிலக் குறியீடு 6.5 முதல் 8.5 வரையும் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவுகோல். ஓர் ஏரியில் முன்பு கிடைத்த கட்லா, ரோகு போன்றவை மறைந்து, காற்றைச் சுவாசிக்கும் மீன்கள் மட்டும் எஞ்சினால் அது ஓர் எச்சரிக்கை.

தொழிற்சாலைக் கழிவு கலக்கும் நீரில் ஈயம், காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும். சமைப்பதால் இவை நீங்குவதில்லை. ஈயமும் காட்மியமும் செவுள், ஈரல், சிறுநீரகம் ஆகியவற்றில் அதிகம் சேரும். மெத்தில் பாதரசம் சதையிலேயே தங்கி, பிற மீன்களைத் தின்னும் விரால் போன்றவற்றில் மிகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் கண்டறியப்பட்ட நோய்க்குக் காரணம், ஆலைக் கழிவால் பாதரசம் ஏறிய மீனையும் சிப்பியையும் மக்கள் உண்டதே. கருவுற்ற தாய்மாரும் சிறுவரும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நீரில் எண்ணெய்ப் படலமோ நுரையோ நிறமாற்றமோ தெரிந்தாலும், மீன் மண்ணெண்ணெய் போல மணந்தாலும் அந்த மீனை உண்ணலாகாது. இவை எதுவும் தெரியாததால் நீர் தூயது என்று ஆகிவிடாது. ஆய்வகப் பரிசோதனையே உறுதி தரும்.

சட்டமும் பாதுகாப்பும்

பல ஏரிகளின் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. அங்கே குத்தகைதாரரின் அனுமதி தேவை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன்பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் குற்றமாக்கியது.

ஏரியில் மண் அள்ளிய இடங்களில் கரையை ஒட்டியே ஆழமான பள்ளங்கள் இருக்கக்கூடும். நீந்தத் தெரியாதவர் முள் சிக்கிக்கொண்டது என்று நீரில் இறங்கக் கூடாது. நரம்பை அறுத்துவிட வேண்டும். கலங்கலில் நீர் வழியும்போது அதன்மேல் நின்று தூண்டில் போடுவதும் ஆபத்து. கழியை மின்கம்பிகளுக்கு அருகே உயர்த்தக் கூடாது. கைக்கு எட்டும் அறுந்த நரம்பைக் கரையிலேயே விட்டுவந்தால் நாரை, கொக்கு முதலிய பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். அதனைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துவருவது தூண்டில்காரரின் கடமை.