இரண்டாவது தோட்டா சிக்காத துப்பாக்கி

அடிபட்ட வாத்து எல்லாம் உடனே செத்து விழுவதில்லை. சிறகு மட்டும் ஒடிந்து தண்ணீரில் விழுந்த வாத்து, நாணல் இருக்கும் பக்கமாக வேகமாக நீந்திப் போகும். அது மறைவதற்குள் இன்னொரு முறை சுட்டு அதன் வேதனையை முடித்துவிட வேண்டியது வேட்டைக்காரரின் கடமை. அப்போது பார்த்து வெற்றுத் தோட்டா பாதி வெளியே நீட்டியபடி துப்பாக்கியில் சிக்கிக்கொண்டால், பறவை நாணலுக்குள் போய்விடும். நாயும் கண்டுபிடிக்காவிட்டால் அங்கேயே கிடந்து மெல்லச் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்குச் செமி-ஆட்டோமேட்டிக் ஷாட்கன் வாங்க நினைப்பவர், அது சிக்காமல் இயங்குமா என்று எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். விலையும் அழகும் பிறகு.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பறவை வேட்டைக்கு இடம் தரவில்லை. அமெரிக்காவில் அது உரிமம், பருவம், நாளுக்கு இத்தனை என்ற அளவு ஆகியவற்றோடு நடக்கிறது. அங்கே குடியேறிய தமிழர்களில் நண்பர்களோடு வேட்டைக்குப் போக ஆசைப்படுபவர்கள் ஒன்றை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சட்டம் தரும் சில விதிவிலக்குகளில் ஒன்று, ஏதாவது ஒரு மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கடைக்குப் போவதற்கு முன்பே இதை ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். நண்பரின் துப்பாக்கியைச் சற்று வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் இந்தத் தடைக்குள் வரக்கூடும்.

எந்தத் துப்பாக்கி வேண்டும் என்பதைச் சட்டமும் ஓரளவு தீர்மானிக்கிறது. வலசைப் பறவைகளைச் சுடும் துப்பாக்கியில் மொத்தம் 3 தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 1935 முதல் இருக்கிறது. அதிகம் பிடிக்கும் துப்பாக்கி என்றால், கழற்றினாலொழிய எடுக்க முடியாத அடைப்புக் குச்சி ஒன்றை, தோட்டாக்களை அடுக்கும் மேகசின் குழாய்க்குள் வைக்க வேண்டும். ஆகவே "எட்டுத் தோட்டா போடலாம்" என்று விற்பனையாளர் சொல்வதற்கு வாத்து வேட்டையில் பொருளே இல்லை. இன்னொரு விதி இதைவிட முக்கியமானது. 1991 முதல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை. வாத்துகள் தீனியை அரைக்கச் சிறு கற்களை விழுங்கும். சேற்றில் கிடக்கும் ஈய ரவையையும் அப்படியே விழுங்கி, நஞ்சேறி, ஏராளமாகச் செத்தன. ஈயத்தின் இடத்துக்கு இரும்பு ரவை வந்தது. அது துப்பாக்கியையும் தோட்டாவையும் எப்படி மாற்றியது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு தோட்டா வெடித்ததும் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிதான் செமி-ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு குண்டுக்கும் விசையைத் தனியாக அழுத்தத்தான் வேண்டும். வெற்றிகரமாக ஓடிய முதல் செமி-ஆட்டோ ஷாட்கன், ஜான் பிரவுனிங் வடிவமைத்த ஆட்டோ-5. அமெரிக்க நிறுவனமான வின்செஸ்டரோடு பேச்சு முறிந்ததால் அவர் அதைப் பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்குக் கொண்டுபோனார். 1902 வாக்கில் தொடங்கிய உற்பத்தி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. அந்தத் துப்பாக்கியில் குழலே, அறையின் பின்பக்கத்தை மூடும் போல்ட் என்ற பாகத்தோடு சேர்ந்து பின்னால் ஓடித் திரும்பும். இன்றைய துப்பாக்கிகள் அந்த முறையை விட்டுவிட்டன. இப்போது கடையில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது வாயு முறை, நிலைம முறை என்ற இரண்டுக்கு நடுவில்தான்.

வாயு முறையில் குழலின் அடிப்பக்கம் சிறு துளைகள் இருக்கும். வெடிப்பில் பிறக்கும் வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த முறையைப் பரவலாக்கியது. உதைப்பு சற்று நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளுக்கு இதமாக இருக்கும். நாள் முழுக்கக் கனமான தோட்டா சுடுகிறவருக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த வாயு சும்மா வருவதில்லை, கரியையும் கொண்டுவருகிறது. பிஸ்டனிலும் துளைகளிலும் கரி படியப் படியப் போல்ட் மெதுவாகி, ஒருநாள் சிக்கும். பழைய 1100இல் வாயு கசியாமல் தடுக்க ஒரு சிறு ரப்பர் வளையம் உண்டு. அது அறுந்தால் துப்பாக்கி தானாக ஏற்றாது. அதை வைத்திருப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு வளையம் கூடுதலாக வைத்துக்கொள்வது வழக்கம். பெரெட்டா ஏ400 போன்ற இன்றைய வாயுத் துப்பாக்கிகள் கரியை ஓரளவு தாங்களே வழித்துக்கொள்ளும். தோட்டா பலமாக இருந்தால் மிகுதி வாயுவை வெளியே விட்டுவிடும். ஆகவே இலேசான தோட்டா முதல் கனமான தோட்டா வரை பேதமின்றி ஏற்றுக்கொள்ளும்.

நிலைம முறை இன்னும் எளிமையானது. பேருந்து சட்டென்று கிளம்பும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்கிறார் அல்லவா? உடல் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது, பேருந்து முன்னே நகர்ந்துவிடுகிறது. துப்பாக்கி வெடித்ததும் முழுத் துப்பாக்கியும் பின்னால் உதைக்கும், உள்ளே இருக்கும் கனமான போல்ட் மட்டும் இருந்த இடத்தில் நிற்கப் பார்க்கும். போல்ட்டுக்கும் அதன் தலைக்கும் நடுவில் உள்ள ஒரு தடித்த சுருள்வில் இந்த இடைவெளியில் நசுங்கும். நசுங்கிய வில் விரிந்து போல்ட்டைப் பின்னுக்கு எறிய, அதன் தலை திரும்பிப் பூட்டு விடுபடும். இத்தாலியரான புரூனோ சிவோலானி உருவாக்கிய இந்த அமைப்பை வைத்துத்தான் உர்பினோ நகரில் 1967இல் பெனெல்லி நிறுவனம் பிறந்தது. இதில் வாயு இயந்திரப் பகுதிக்குள் வருவதே இல்லை. கரி குழல் வழியே வெளியேறிவிடும். நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் சுட்டும் உள்ளே துப்புரவாக இருக்கும். சேற்றிலும் குளிரிலும் கிடந்துவிட்டு, இரவு களைத்துப்போய்த் துப்பாக்கியைத் துடைக்காமல் தூங்கிவிடுபவருக்கு இதுவே தோது.

இதற்கும் குறைகள் உண்டு. துப்பாக்கி தாராளமாகப் பின்னால் நகர்ந்தால்தான் வில் நசுங்கும். டார்ச், கூடுதல் தோட்டாப்பட்டை என்று கனமாக எதையாவது மாட்டினாலும், மிக இலேசான பயிற்சித் தோட்டாவைப் போட்டாலும் சில துப்பாக்கிகள் ஏற்ற மறுக்கும். உதைப்பும் கூடுதல். இன்னொன்று, வேட்டைக்காரர்கள் பெனெல்லி கிளிக் என்று சொல்வது. சத்தம் வரக் கூடாது என்று போல்ட்டைக் கையால் மெல்ல நகர்த்தி மூடினாலோ, படகின் விளிம்பில் கைப்பிடி இடித்தாலோ, போல்ட் தலை முழுதாகத் திரும்பிப் பூட்டாமல் நின்றுவிடும். விசையை அழுத்தினால் கிளிக் என்ற ஒலி மட்டுமே வரும். வாத்து தலைக்கு மேல் போயிருக்கும். சூப்பர் பிளாக் ஈகிள் 3 போன்ற புதிய வடிவங்களில் இதற்கு மாற்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பழையதை வாங்கினால், போல்ட்டை எப்போதும் தானாகவே பாய்ந்து மூட விடுங்கள்.

எந்த முறையாக இருந்தாலும், சிக்குவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது யாரும் கழற்றிப் பார்க்காத ஒரு வில்லைத்தான். போல்ட்டை மறுபடி முன்னே தள்ளும் திரும்புவில் பல துப்பாக்கிகளில் பின்கட்டைக்குள் ஒரு குழாயில் ஒளிந்திருக்கும். மழைநீரும் சதுப்புநீரும் அங்கே இறங்கித் துருவாகும். மேலே எண்ணெய் மினுமினுக்கும், உள்ளே வில் இறுகிக்கிடக்கும். வாத்து வேட்டைக்காரர் ஆண்டுக்கு ஒருமுறையாவது பின்கட்டையைக் கழற்றி அந்தக் குழாயைத் துடைத்தே ஆக வேண்டும். ஃபிராங்கி அஃபினிட்டியில் இந்த வில் மேகசின் குழாயைச் சுற்றி முன்பக்கம் இருக்கிறது. கையால் எளிதில் எட்டும் இடம் என்பதால் எனக்கு அந்த அமைப்பு பிடிக்கும்.

எண்ணெய் அதிகம் போடுவதும் துன்பம். உறைபனிக்குக் கீழே கெட்டி எண்ணெய் கூழாகிப் போல்ட்டை இழுத்துப் பிடிக்கும். குளிருக்கு முன் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட்டு, மெல்லிய எண்ணெயை ஒரு படலமாக மட்டும் பூசினால் போதும். வெளியே உறைந்த துப்பாக்கியைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் உள்ளே நீர் வியர்க்கும். மறுநாள் விடியலில் அந்த நீரே பனிக்கட்டியாகி விசையைப் பூட்டிவிடும்.

இனி தோட்டா. ஈயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், இரும்புக்கு 7.8 தான். அதே அளவுள்ள இரும்பு ரவை காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். அதனால் இரும்புக்கு மாறியவர்கள் இரண்டு அளவு பெரிய ரவைக்குப் போனார்கள். பெரிய ரவை கூடுதல் இடத்தைப் பிடிக்க, தோட்டாவும் நீண்டது. 1991இல் பெனெல்லி சூப்பர் பிளாக் ஈகிள் மூன்றரை அங்குலத் தோட்டாவை ஏற்கும் செமி-ஆட்டோவாக வந்தது இந்தத் தேவையால்தான். இன்று தோட்டாவின் தரம் வெகுவாக உயர்ந்துவிட்டது. ஈயத்தை நெருங்கும் பிஸ்மத்தும், ஈயத்தைவிடக் கனமான டங்ஸ்டனும் கிடைக்கின்றன, விலைதான் கடுமை. மூன்று அங்குலத் தோட்டா பெரும்பாலான வாத்து வேட்டைக்குப் போதும். மூன்றரை அங்குலத்தின் உதைப்பில் கண் இமைத்துக் குறி தவறுபவர்கள் அதிகம். உயரத்தில் பறக்கும் கனடா வாத்துக்கென்றே போகிறவர் மட்டும் அதை யோசிக்கலாம். குழலின் நுனியை இறுக்கும் சோக்கில், இரும்பு ரவைக்கு மாடிஃபைடோ இம்ப்ரூவ்டு சிலிண்டரோ பொருத்தம். பழைய பெல்ஜிய ஆட்டோ-5 குழல்களில் இரும்பு ரவை சுடக் கூடாது. தாத்தாவின் துப்பாக்கி பரணில் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

கேஜ் என்பது குழலின் அகலம். எண் சிறிதாக ஆக அகலம் கூடும். நீர்ப்பறவைக்கு 12 கேஜ். மேட்டுநிலப் பறவைகளான காடைக்கும் க்ரௌஸுக்கும் 20 போதும், சிலர் 28ஐயே விரும்புகிறார்கள்.

மேட்டுநிலப் பறவை வேட்டையில் கணக்கே மாறிவிடும். சதுப்பில் வேட்டைக்காரர் மறைவிடத்தில் உட்கார்ந்து, பொம்மை வாத்துகளை மிதக்கவிட்டுக் காத்திருக்கிறார். மூன்றேகால், மூன்றரை கிலோ துப்பாக்கி அவருக்குச் சுமையே இல்லை, அந்தக் கனம் உதைப்பையும் விழுங்கும். தெற்கு டகோட்டாவின் சோள வயல்களில் ஃபெசன்ட் பறவையைத் தேடுபவரோ நாள் முழுக்க நடக்கிறார். நெவாடாவின் பாறைச் சரிவுகளில் சக்கர் கவுதாரியைத் துரத்துபவர் இன்னும் பாவம். அந்தக் கவுதாரி இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து கொண்டுபோய் விடப்பட்டது, மேல்நோக்கி ஓடிவிட்டுக் கீழ்நோக்கிப் பறக்கும். அங்கே மூன்று கிலோவுக்கு மேல் ஒவ்வொரு நூறு கிராமும் மாலையில் கையைக் கடுக்கும். காலடியிலிருந்து பறவை படபடவென்று எழும்போது துப்பாக்கி சட்டென்று தோளுக்கு வர வேண்டும். அதற்கு 26 அங்குலக் குழல் கைக்கு அடங்கும். வாத்துக்கு 28 அங்குலம் சீராக வீசி வரும்.

ஒரே துப்பாக்கியால் இரண்டையும் செய்ய வேண்டும் என்றால் என் தேர்வு, மூன்று அங்குல அறையுள்ள 12 கேஜ் நிலைமத் துப்பாக்கி. மூன்று கிலோவை ஒட்டிய எடை, 28 அங்குலக் குழல். பெனெல்லி எம்2 இந்த வகைதான். அதே குடும்பத்தில் குறைந்த செலவில் வேண்டுமென்றால் ஃபிராங்கி அஃபினிட்டி, இன்னும் குறைவாக ஸ்டோகர் எம்3000. உதைப்புக்கு அஞ்சுபவரும், இளையவருக்கு வாங்குபவரும், மாலையில் பத்து நிமிடம் துடைப்பதற்குச் சலிக்காதவரும் பெரெட்டா ஏ300 அல்டிமா, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 போன்ற வாயுத் துப்பாக்கிக்குப் போகலாம். இரண்டாயிரம் டாலர் துப்பாக்கி சிக்கவே சிக்காது என்று எண்ண வேண்டாம். பராமரித்த விலை குறைந்த துப்பாக்கி அதைவிட நன்றாக ஓடும். மிச்சமாகும் பணத்தைப் பயிற்சித் தோட்டாவுக்குச் செலவிடுங்கள்.

கடையில் கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. துப்பாக்கி காலியா என்று கடைக்காரரோடு சேர்ந்து பார்த்த பிறகு, பாதுகாப்பான திசையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தோளுக்கு ஏற்றிவிட்டுத் திறங்கள். குழலின் மேல்பட்டை நேராக அந்தப் புள்ளிக்குப் போனால் கட்டை உங்களுக்குப் பொருந்துகிறது. போகாவிட்டால் பின்கட்டைக்கும் இயந்திரப் பகுதிக்கும் நடுவே வைக்கும் தகடுகளை மாற்றிச் சரிசெய்யலாம். பல துப்பாக்கிகளோடு அவை பெட்டியிலேயே வரும். குளிர்காலத்துத் தடித்த கோட்டை அணிந்து இதைச் செய்தால் இன்னும் நல்லது. இடது கையால் சுடுபவர், வெற்றுக் கூடு தம் முகத்துக்குக் குறுக்கே பறக்காத இடக்கை வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

செமி-ஆட்டோவின் ஆபத்தும் அதன் வசதியிலேயே இருக்கிறது. சுட்டு முடித்ததும் அது மறுபடி ஏற்றி நிற்கிறது. மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் காலியாக இருப்பது தொலைவிலிருந்தே தெரியும், இதில் தெரியாது. வேலி தாண்டும் முன்பும், படகில் ஏறும் முன்பும், விழுந்த பறவையை நாய் கொண்டுவரும்போதும் தோட்டாக்களை எல்லாம் எடுத்துப் போல்ட்டைத் திறந்தே வையுங்கள். குழல் நுனி சேற்றில் குத்தியிருந்தால், உள்ளே பார்த்துத் துடைக்காமல் சுடவே கூடாது. அடைபட்ட குழல் வெடித்துக் கிழியும்.

வாங்கியதும் வேட்டைக்கு எடுத்துப்போக வேண்டாம். சுடுதளத்தில் நான்கைந்து பெட்டித் தோட்டாக்களைச் சுட்டு, ஆலையில் பூசி வந்த காப்பு எண்ணெய் போகட்டும், புதுப் பாகங்களின் இறுக்கமும் தளரட்டும். பிறகு வேட்டைக்கு வாங்கிய அதே தோட்டாவால், 40 கஜம் தள்ளி ஒட்டிய பெரிய தாளில் சுடுங்கள். அடி அடர்ந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் வரைந்து, ரவைகள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று பாருங்கள். ஒரு வாத்து நழுவும் அளவுக்கு ஓட்டை இருந்தால் சோக்கையோ தோட்டாவையோ மாற்றிச் சுட்டுப் பாருங்கள். 40 கஜத்தில் எதுவும் சரிவராவிட்டால், 30 கஜத்துக்கு மேல் அந்தப் பருவம் முழுக்கப் பறவை மீது சுடாமல் இருங்கள்.