பெட்டியைத் திருப்பினோம், சிக்னல் வந்தது!

ஓசூரிலிருந்து பாகலூர் வழியாகப் பேரிகைக்குப் போனால் வழியெல்லாம் காய்கறித் தோட்டங்களும் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களும்தான். இன்னும் கொஞ்சம் தள்ளினால் கர்நாடகா. அங்கே ரோஜா பயிரிடும் என் நண்பர் போன வருடம்தான் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். வீட்டுக்கு பிராட்பேண்டும் வந்துவிட்டது. 600 மீட்டர் தள்ளி இருக்கும் குடிலில் கேமரா வைத்து, மோட்டார் ஓடுகிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

நடுவில் அடுத்தவர் நிலம். கேபிள் இழுக்க முடியாது. எனவே வீட்டு மாடியில் ஒன்று, குடிலில் ஒன்று என இரண்டு பழைய வயர்லெஸ் பேனல்களை வாங்கி மாட்டினார். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் வகை. (2018 அக்டோபரில் மத்திய அரசு இந்த அலைவரிசையை, பவர் வரம்புக்கு உட்பட்டு, லைசென்ஸ் இல்லாமல் வெளியிடங்களிலும் பயன்படுத்த அனுமதித்தது.) மாட்டியும் பலனில்லை. படம் வரும், நிற்கும், மறுபடி வரும். சிக்னல் அளவு மைனஸ் 83 டிபிஎம். இன்னும் பவர்ஃபுல்லான பேனல் வாங்கச் சொல்லி ஒருவர் யோசனை சொல்ல, நண்பர் பணத்தை எடுத்து வைத்துவிட்டு எனக்கு போன் செய்தார்.

போய்ப் பார்த்தேன். மாடியில் செங்குத்தான பைப். பெட்டி நேராக நின்றது. குடிலிலோ கிடைமட்டமான பைப். அதே கிளாம்ப்பை அதில் மாட்டியதால் பெட்டி பக்கவாட்டில் படுத்திருந்தது. முகம் என்னவோ வீட்டைத்தான் பார்த்தது! ஒரு சின்ன இரும்புத் துண்டைச் செங்குத்தாக நட்டு, பெட்டியை 90 டிகிரி திருப்பி மாட்டினோம். மைனஸ் 63. அதாவது 20 டெசிபல் ஏற்றம், நூறு மடங்கு பவர். செலவு ஒரு இரும்புத் துண்டு.

இது எப்படி? ரேடியோ அலை செல்லும்போது அதன் மின்புலம் ஒரு குறிப்பிட்ட திசையில் ஆடுகிறது. இந்தத் திசைக்குத்தான் போலரைசேஷன் என்று பெயர். உண்டியல் வாயை நினைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை வாய்க்கு நேராகப் பிடித்தால் விழும். குறுக்கே பிடித்தால் எவ்வளவு அழுத்தினாலும் விழாது. இரண்டு ஆன்டெனாக்களுக்கு இடையே 45 டிகிரி கோணம் இருந்தால் பாதி பவர் போய்விடும். 90 டிகிரி என்றால் கணக்குப்படி ஒன்றுமே வரக்கூடாது.

ஆனால் நண்பருக்கு நூறில் ஒரு பங்காவது வந்ததே? இங்கேதான் சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது மைக்ரோஸ்ட்ரிப் ஆன்டெனா. மதர்போர்டு போன்ற பிசிபி அட்டையின் ஒரு பக்கம் முழுக்கச் செம்புத் தகடு, இது கிரவுண்ட். மறுபக்கம் சின்னச் சின்னச் செம்புச் சதுரங்கள். சாதாரண பிசிபி அட்டையில் 2.4 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒரு சதுரம் சுமார் 3 சென்டிமீட்டர் இருக்கும். சதுரத்தின் எந்தப் பக்கத்தின் நடுவில் சிக்னல் நுழைகிறதோ, அந்தத் திசையில் மின்புலம் ஆடும்.

ஆட வேண்டும் என்பது நம் விருப்பம். உண்மையில் கொஞ்சம் குறுக்கேயும் ஆடும். இந்த வேண்டாத கசிவை கிராஸ் போலரைசேஷன் என்கிறார்கள். அட்டை தடிமனாக இருந்தால் கசிவு கூடும். அடியிலிருந்து ஊசி போன்ற கம்பி வழியாகச் சிக்னல் கொடுத்தால் அந்தக் கம்பியே தன் பங்குக்கு அலை வீசும். மெல்லிய அட்டையைப் போடலாமே என்பீர்கள். போட்டால் ஆன்டெனா வேலை செய்யும் அலைவரிசையின் அகலம் சுருங்கிவிடும். இன்னொரு வழி, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலிருந்தும் சிக்னலை ஒன்றுக்கொன்று தலைகீழாகக் கொடுப்பது. குறுக்குக் கசிவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கும். ஆனால் இணைப்புச் சுற்று பெரிதாகும், விலையும் ஏறும்.

எனக்கு மிகவும் பிடித்தது கொல்கத்தா வழி. கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தேபதோஷ் குஹா தன் சக ஆய்வாளர்களுடன் 2005-ல் வெளியிட்ட கட்டுரையில், மேலே உள்ள செம்பைத் தொடவே இல்லை. கீழே உள்ள கிரவுண்ட் தகட்டில் செம்பைச் சிறிது நீக்கினார்கள், அவ்வளவுதான். குறுக்கே ஆடும் மின்புலம் வலுவாக இருக்கும் இடம் பார்த்து நீக்கினால் அது தடுமாறும். நமக்கு வேண்டிய ஆட்டம் பெரிதாகப் பாதிக்கப்படாது. கூடுதல் பாகம் எதுவும் கிடையாது. டிஃபெக்டட் கிரவுண்ட் என்று பெயர். வேண்டுமென்றே செய்த குறை!

இந்தக் கசிவால் நமக்கென்ன நஷ்டம்? இன்று கடையில் கிடைக்கும் வெளிப்புற பேனல்கள் பெரும்பாலும் இரட்டை போலரைசேஷன் வகை. ஒரே சதுரத்தில் இரண்டு பக்கங்களிலிருந்து சிக்னல் கொடுத்து, நெட்டாக ஒன்றும் கிடையாக ஒன்றும் இரண்டு பாதைகளில் டேட்டா அனுப்புகின்றன. ஒன்று மற்றொன்றில் கசிந்தால் வேகம் குறையும். எனவே வாங்கும்போது விவரத் தாளில் கெயின் மட்டும் பார்க்காமல், கிராஸ் போலரைசேஷன் ஐசொலேஷன் எத்தனை டெசிபல் என்றும் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லது. பெட்டியின் பின்புறம் அம்புக்குறியோ, வி, ஹெச் எழுத்துகளோ இருக்கும். இரு முனையிலும் ஒரே மாதிரி மாட்டுங்கள். தயவுசெய்து மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். மழைநீர் இறங்கினால் பேனல் போய்விடும்.

வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டருக்கு இத்தனை கவலை வேண்டாம். சுவர், பீரோ என்று எல்லாவற்றிலும் மோதி அலையின் திசை குழம்பிவிடும். இரண்டு குச்சி ஆன்டெனா இருந்தால் ஒன்றை நேராகவும் ஒன்றைப் படுக்கையாகவும் வைத்துப் பார்க்கலாம்; சில வீடுகளில் பலன் தெரியும்.

பேனலை ஆளைவிட்டுத் திருப்பலாம். வானத்தில் நகரும் செயற்கைக்கோளை என்ன செய்வது? அதனால்தான் ஜிபிஎஸ்ஸும், 2013 ஜூலை 1-ல் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட நம் இஸ்ரோவின் நாவிக்கும், வலப்பக்கமாகச் சுழலும் அலையை அனுப்புகின்றன. ஓசூர் சாலையில் ஓடும் லாரிகளின் டிராக்கர்களைப் பாருங்கள். பலவற்றில் 25 மில்லிமீட்டர் சதுரத்தில் பீங்கான் துண்டு ஒன்று இருக்கும். அதுவும் மைக்ரோஸ்ட்ரிப்தான். பல மாடல்களில் மேலே உள்ள உலோகப் பூச்சின் மூலைவிட்டத்தில் எதிரெதிராக உள்ள இரு மூலைகளை வெட்டியிருப்பார்கள். அந்த வெட்டு, நெட்டு ஆட்டத்துக்கும் குறுக்கு ஆட்டத்துக்கும் இடையே கால் சுற்று வித்தியாசம் உண்டாக்கிச் சுழற்சியைத் தருகிறது. கட்டடத்தில் பட்டு வரும் அலை பெரும்பாலும் இடப்பக்கச் சுழற்சியாக மாறிவிடும். ஆன்டெனா அதை ஓரளவு ஒதுக்கிவிடும். நீங்கள் யுஎஸ்பி ஜிபிஎஸ் வாங்கினால் பீங்கான் முகம் வானத்தைப் பார்க்கும்படி, தகரக் கூரைக்கு அடியில் இல்லாமல் வையுங்கள்.